எழுதப்படாத பாதை
நமது புனைகதைகளில் பெண் கல்வி குறித்து ஒரு குறிப்பு

முஸ்லிம் பெண்ணின் கல்வி நமது இலக்கியத்துக்குப் புதிய பொருளல்ல. படிப்பு நிறுத்தப்பட்ட பெண்ணைப் பற்றி நமது சஞ்சிகைகளில் எத்தனையோ சிறுகதைகள் வந்துள்ளன. அவற்றில் அநேகமானவற்றில் பிடிவாதக்கார வாப்பா, கண்ணீர் வடிக்கும் உம்மா, பள்ளிவாசல் தலைவர் ஆகிய மூவரும் தவறாமல் இருப்பர். கதை முடியும்போது புத்தகப் பை ஆணியில் தொங்கும். நானும் அப்படி ஒரு கதை எழுதியவன்தான். இன்று அக்கதைகளிடம் கேட்கத் தோன்றும் கேள்வி எளிமையானது. அந்தப் பாடசாலை வீட்டிலிருந்து எத்தனை மைல்? முதல் பஸ் எத்தனை மணிக்கு?

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வந்தது. கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பையின் கதாநாயகன் எகிப்தில் தொடங்கி இந்தியா வரை அலைகிறான். ஓர் ஆண்பிள்ளையின் நெடும் பயணமே நமது முதல் நாவல். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமென்று கண்டியில் உழைத்தவரும் அதே சித்திலெப்பைதான். ஆனால் அப்பாடசாலைக்கு ஒரு சிறுமி நடந்து வந்த தெரு பின்வந்த நமது கதைகளிலும் அரிதாகவே இடம்பெற்றது.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988 இல் நூலாயிற்று. அங்கே பாடசாலை ஊரைத் தேடி வருகிறது. அதை எதிர்த்து நிற்பது முதலாளியின் அதிகாரமும் ஊரின் அறியாமையும். தூரம் அங்கே பிரச்சினையல்ல. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004 இல் வந்தது. அதில் வீட்டுச் சுவரே எல்லை; பருவமடைந்த பெண்ணை மறிப்பது வழக்கம். துவரங்குறிச்சியில் தமது பதின்மூன்றாவது வயதில் பள்ளிப் படிப்பை இழந்த சல்மாவுக்கு அந்தச் சுவர் நன்கு தெரியும். இரு நாவல்களும் தத்தம் மண்ணுக்கு உண்மையாக இருக்கின்றன.

குறை நம்மிடம்தான். அவர்கள் தம் ஊரில் கண்ட சுவரை நாம் அப்படியே தூக்கிவந்து நமது மலையகக் கிராமங்களில் வைத்துவிட்டோம். இங்கே சுவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. சுவருக்கு வெளியே ஒரு பாதையும் இருக்கிறது. அதை நாம் பார்க்கவில்லை.

எனது கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பல்லேகமவிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதை இலுக்கும்புற, ரிவர்ஸ்டன், இறத்தோட்டை என்று மலையைச் சுற்றிச் செல்வது. மழைக்காலத்தில் பனிமூட்டம், சில நாட்களில் மண்சரிவு. கீழே வஸ்கமுவப் பக்கம் போனால் யானைப் பயம். 2018 இல் களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குப் போயிற்று. புதிய லக்கல நகரம் எழுந்தது. மலைப்பாதை மட்டும் அதே பாதைதான்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பிள்ளையொன்று சாதாரண தரத்தில் திறமையாகச் சித்தியடைந்தது. தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர மாத்தளையில் இடமும் கிடைத்தது. தினமும் போய்வருவதானால் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்ப வேண்டும். விடுதியில் இடமில்லை, தங்குவதற்கு நகரத்தில் உறவினரும் இல்லை. வாப்பா என் வீட்டுக்கு வந்தார். மறுக்க வந்தவரல்ல, யோசனை கேட்க வந்தவர்.

"சேர், புள்ளய அனுப்ப எனக்கு விருப்பம்தான். பஸ் மலையில நின்டா புள்ள எங்க நிக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. "பக்கத்துப் பாடசாலையில கலைப்பிரிவு இருக்குதானே, நானா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்தது. அவள் கலைப்பிரிவில் படித்தாள். நல்ல பெறுபேறும் எடுத்தாள். இப்போது வழியில் கண்டால் ஸலாம் சொல்லி, "சேர் சுகமா?" என்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள்.

மறுவருடம் நான் அதைக் கதையாக எழுதினேன். கதையில் வாப்பா பிடிவாதக்காரர். ஆசிரியர் படிப்புக்காக வாதாடித் தோற்றுப்போகிற நல்லவர். பஸ் இல்லை, மலை இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. கதைக்குப் பாராட்டுக் கிடைத்தது. அந்த மனிதர் அதை வாசித்திருக்கமாட்டார் என்று எண்ணி ஆறுதலடைந்தேன். அது என்ன ஆறுதல்!

அவரது பயம் கற்பனையல்ல. இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பயணிக்கும் பெண்களில் 90 வீதமானோர் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு உள்ளானவர்கள் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. டில்லிப் பல்கலைக்கழக மாணவியர் பற்றிய ஓர் ஆய்வும் உண்டு. பாதுகாப்பான வழி கிடைக்கிறதென்பதற்காகத் தமது புள்ளிகளுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டுத் தரம் குறைந்ததை அவர்கள் தெரிவு செய்வதை அது காட்டியது. ஆகவே இந்தக் கணக்கு முஸ்லிம் வாப்பாமார் மட்டும் போடும் கணக்கல்ல.

பாதையைச் சரிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்றுண்டு. பீஹார் அரசு 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வழங்கியது. இடைநிலைக் கல்வியில் பெண்பிள்ளைகளின் சேர்வு 32 வீதம் கூடியதாக ஆய்வாளர் கண்டனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் முஸ்லிம் பெண்களும் சைக்கிள் பழகி வீதிக்கு வந்தனர். நமது நாட்டில் மாணவருக்கான 'சிசு செரிய' பஸ் சேவை 2005 இல் தொடங்கியது. நோயின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் மருந்து கிடைக்கும். வாப்பா மட்டுமே குற்றவாளி என்று எழுதும் கதை, பஸ் விடவேண்டியவர்களையும் விடுதி கட்டவேண்டியவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. அதே மலைப்பாதையில் மகனை அனுப்புகிறோமே? தூரம் சில வீடுகளில் உண்மைக் காரணம், சில வீடுகளில் வசதியான சாட்டு. எது எது என்று பிரித்துக் காட்டுவதே புனைகதையின் வேலை. அதற்கு எழுத்தாளன் ஒரு நாளாவது அந்த முதல் பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். நான் ஏறவில்லை.

மஹ்ரம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அறிவித்த ஹதீஸ் நினைவுக்கு வரும். ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் கஃபாவை வந்து தவாப் செய்யும் காலம் வருமென்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை அது சொல்கிறது. பெண் அஞ்சாமல் போகக்கூடிய பாதை அங்கே ஒரு சமூகம் அடையும் அமைதியின் அடையாளமாக நிற்கிறது. அப்பாதையை அமைக்கும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் நாம் வைத்திருக்கிறோம்.

எனது கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறை அந்த வாப்பாவின் கேள்வி முதல் வரியில் இருக்கும். பதில் சொல்லத் தெரியாத ஆசிரியரும் இருப்பார்.