நாவலர் வசனநடையின் ஒருமைப்பாடு

எழுதுவோன் ஒருவனுக்குத் தனக்கென ஒரு நடை எங்ஙனம் அமைகின்றது என்னும் வினாவுக்கு, நல்லூர் ஆறுமுக நாவலரின் (1822–1879) நூல்கள் தெளிவான விடை தருகின்றன. அவருடைய பெரியபுராண வசனம் 1852இல் அச்சேறிற்று. கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே வாசித்துணர்தல் வேண்டும் என்பதற்காகவே இயற்சொற்களைப் பெரிதும் ஆண்டு, சந்தி விகாரங்களைக் குறைத்தமையை அவரே அந்நூலிற் புலப்படுத்தியுள்ளார். படிப்போர் இன்னார் என முதலிலே துணிந்துகொண்டமையே அந்நடைக்கு வித்தாயிற்று.

அவ்வித்து முளைத்த இடம் எழுதுமேசை அன்று. இளமையிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் நாவலர். சபையிற் படிக்கப்படும் வாக்கியம் செவியில் இடறாது செல்லுதல் வேண்டும் என்னும் உணர்ச்சி அங்கே வளர்ந்திருத்தல் கூடும். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. கேட்போர் முகத்தில் ஐயம் தோன்றுமாயின், சொன்னதை வேறு வாக்கியத்தால் விளக்காது பிரசங்கி மேற்செல்லல் இயலாது. இப்பயிற்சியின் சுவடு அவர் எழுத்தெங்கும் உண்டு. எச்சங்கள் அடுக்கிவரும் நீண்ட வாக்கியத்திலும் எழுவாய் மறைவதில்லை. வினைமுற்று வரும்வரை படிப்போன் வழிதவறுவதில்லை. மேனாட்டு நிறுத்தக்குறிகளை அவர் தயங்காது கைக்கொண்டதும் இதன்பொருட்டே போலும்.

கொழும்பு மாணாக்கர் கட்டுரைகள் பலவற்றில் முதற்பந்தி செய்தித்தாளின் குரலிலும், அடுத்தது மேடைத்தமிழிலும், மூன்றாவது ஆங்கில வாக்கியத்தின் நிழலிலும் நடக்கின்றன. பல மொழிகள் ஒலிக்கும் நகரத்தில் இது வியப்பன்று. வியப்பு யாதெனின், நாவலரைப் பின்பற்றுவதாகக் கருதுவோரும் அவருடைய வடசொற்களையே பற்றிக்கொண்டு, கேட்போனை மறந்துவிடுதலாம். உடையை எடுத்துக்கொண்டு உடலை விட்டவாறு அது.

நாவலர் நடையிலும் குறை இல்லாமல் இல்லை. வீட்டுப் பேச்சின் நெகிழ்ச்சி அதில் அரிது. சித்தாந்தம் பேசுமிடத்து வடசொற்கள் நெருங்கிப் புதிய வாசகனைத் தயங்கவைக்கும். ஆயினும் குரல் மாறுவதில்லை. பாலபாடத்திற் சிறுவருக்கு உரைப்பவரும், சைவதூஷணபரிகாரத்தில் (1854) எதிர்வாதியை மறுப்பவரும் ஒருவரே என்பதை ஒரு பக்கத்திலே அறியலாம். யாழ்ப்பாணச் சமயநிலையில் (1872) தம்மவரையே கண்டிக்கும்போது சொற்களில் வெம்மை ஏறுகின்றது. வாக்கியத்தின் கட்டுமட்டும் தளர்வதில்லை.