முதலிடம் 41 பேர்

2015 பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாநில முதலிடம் 41 பேர், எல்லாரும் 500-க்கு 499. இரண்டாமிடம் 192, மூன்றாமிடம் 540. ஆக மூன்று இடத்துக்கு 773 பேர்!

499-க்கும் 497-க்கும் நடுவில் இரண்டே மார்க். தமிழ்க் கட்டுரையைத் திருத்துகிறவர் கொஞ்சம் கை தாராளமா, இல்லையா என்பதிலேயே அது போய்விடும். எங்க தொழிலில் ஒரு மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டால், அதை நம்ப மாட்டோம். இங்கே அதை நம்பி மேடை போட்டு மாலை போட்டோம்.

2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. சரியான முடிவுதான். ஆனா சொன்ன காரணம் மாணவர்களின் மன அழுத்தம். அளவுகோலே தேய்ந்துபோன விஷயம் அதில் அமுங்கிவிட்டது. அதனால்தானோ என்னவோ, பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் "பள்ளி முதலிடம்" இன்னும் சிரிச்சுக்கிட்டு நிக்குது.

பொறாமையில் சொல்லவில்லை. நான் படித்த பள்ளியின் பலகையில் என் பேரும் இருக்கு. வீட்டில் அப்பா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த மார்க்கை எந்தப் பள்ளியில் இருந்தாலும் எடுத்திருப்பேன். என் பெஞ்சுக்காரன் அரையாண்டில் கணக்கில் 22. கணக்கு சார் தினம் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்தார், பொதுத்தேர்வில் 71. பள்ளி உண்மையிலேயே வேலை செய்து வாங்கிக்கொடுத்த மார்க் அது. பரிசளிப்பு விழாவில் அவன்தான் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.