சைக்கிள் பந்தயமும் ஒரு நாவலாசிரியரும்

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதுவது எளிதான காரியம் அல்ல. ஜல்லிக்கட்டை ஓரிடத்தில் நின்று முழுசாகப் பார்த்துவிடலாம். சாலைப் பந்தயத்தை அப்படிப் பார்க்க முடியாது. ஜனங்கள் காலையிலிருந்து சாலையோரம் காத்திருப்பார்கள்; வருகிற கூட்டம் கண் இமைப்பதற்குள் போய்விடும். மற்றதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் படிப்பதுதான்.

இத்தாலிய நாவலாசிரியர் டினோ புட்ஸாட்டியை 1949-இல் 'கோரியேரே டெல்லா சேரா' பத்திரிகை, இத்தாலியைச் சுற்றி நடக்கும் பந்தயத்துக்கு நிருபராக அனுப்பிற்று. 19 கட்டங்கள், 4,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பந்தயம் அவருக்குப் புதிது. காத்திருப்பது புதிதல்ல. வருவானா என்றே தெரியாத பகைவனுக்காக எல்லைக் கோட்டையில் ஆயுளைக் கழிக்கும் ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றி 1940-இல் நாவல் எழுதியவர் அவர். மலையேற்றத்திலும் பழக்கமுள்ளவர். அவருடைய பந்தயக் கட்டுரைகள் அவர் காலமான பிறகு, 1981-இல் புத்தகமாக வந்தன. ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன.

புத்தகத்தின் உச்சம் ஜூன் 10-ஆம் தேதி. கூனியோவிலிருந்து பினெரோலோவுக்கு 254 கிலோமீட்டர். நடுவில் ஐந்து மலைக் கணவாய்கள். முதல் ஏற்றத்திலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்த பாஸ்டோ கோப்பி, 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக மிதித்து ஜெயித்தார். 11 நிமிஷம் 52 விநாடி கழித்து ஜினோ பார்த்தாலி வந்து சேர்ந்தார். கோப்பிக்கு வயது 29, பார்த்தாலிக்கு 34. இதை அக்கிலஸுக்கும் ஹெக்டருக்கும் நடந்த யுத்தமாகப் பார்க்கிறார் புட்ஸாட்டி.

எனக்கு இந்த உவமை இரவல் நகையாகத்தான் படுகிறது. ஹோமரைக் கூப்பிட்டவுடன் சேறும் மூச்சிரைப்பும் போய், இரண்டு சிலைகள் வந்து நின்றுவிடுகின்றன.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் சைக்கிள் யாத்திரையாகப் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினேன். முந்தலைத் தாண்டியதும் சாலை எழும்பத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் உறுமிக்கொண்டு போகின்றன. புலியூத்துக்குப் பக்கத்தில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில், பந்தயத்துக்குப் பழகும் நாலைந்து இளைஞர்கள் என்னைக் கடந்து போனார்கள். முன்னால் போனவர்கள் எனக்கு நினைவில்லை. முப்பது கஜம் பின்தங்கி வந்தவன் முகம் நினைவிருக்கிறது. சக்கரத்துக்கு முன்னாலிருந்த ஒரு முழம் தார்ச் சாலையை மட்டுமே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் தொடர்கிற நிருபருக்கு மலை ஒரு காட்சி. மிதிக்கிறவனுக்கு அது அடுத்த வளைவு, அவ்வளவுதான்.

ஹெக்டரை மறந்து பார்த்தாலியைப் பார்க்கிற இடத்தில்தான் புட்ஸாட்டி நாவலாசிரியர் ஆகிறார். தன் காலம் அஸ்தமித்துவிட்டது என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்துகொள்ளும் ஒரு மனிதன் அங்கே தெரிகிறான். ஜெயித்தவனுக்கு நேர அட்டவணை போதும். தோற்றவனுக்குத்தான் எழுத்தாளன் வேண்டியிருக்கிறது.

நம்மிடமும் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. போடிக்கு அருகிலுள்ள சின்னமனூரைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கதையில், தகப்பனைக் கொன்ற காரிக் காளையைப் பிச்சி அடக்குகிறான். கதை அங்கே முடிந்துவிடவில்லை. தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். பந்தயத்தில் யார் எதை இழக்கிறார்கள் என்பது அந்த வெடிச்சத்தத்தில்தான் தெரிகிறது. செல்லப்பா எந்தப் புராணத்தையும் துணைக்கு அழைக்கவில்லை. மண்ணும் மாடும் மனிதனும் அவருக்குப் போதுமாயிருந்தன. தினம் ஒரு கட்டுரை அனுப்பியாக வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கிராமத்து மைதானங்களில், ஏழு நாள் தரையில் கால் ஊன்றாமல் சைக்கிள் சுற்றியவர்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். ஐந்தாம் நாள் நடுநிசியில், கூட்டம் கலைந்து வேடிக்கை பார்க்க ஒருவர்கூட இல்லாத வேளையிலும் அந்த மனிதன் சுற்றிக்கொண்டுதான் இருந்தான். அவனை எழுத நினைக்கும் தமிழ் எழுத்தாளர் புட்ஸாட்டியைப் படிக்கலாம். அக்கிலஸை அங்கேயே விட்டுவிட்டு, பார்த்தாலியைப் பார்த்த கண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.