ஆறு துளை, ஒரு கச்சேரி

பெட்டியில் 12 சேனல் என்று போட்டிருக்கும். மைக் செருகும் துளைகளோ ஆறுதான். யமஹா எம்ஜி12எக்ஸ்யூ மிக்சர் வாங்குபவர் முதலில் எண்ண வேண்டியது இதை. ஒரு கச்சேரிக்குப் பாட்டு, வயலின், மிருதங்கத்தின் இரு பக்கம், கடம், மோர்சிங். அவ்வளவுதான், நிரம்பிவிட்டது! மின் தம்புரா லைன் துளைக்குப் போக வேண்டும்.

மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கத்தில் ஓங்கித் தட்டும்போது மிக்சரில் சிவப்பு விளக்கு மினுக்கினால், கை போக வேண்டிய இடம் கெயின் குமிழ். ஃபேடரை இறக்கிப் பயனில்லை. ஒலி அதற்கு முன்பே சிதைந்திருக்கும். நல்ல ஒலியமைப்பாளரின் விரல் குமிழை மயிரிழைதான் நகர்த்தும், சபையில் யாருக்கும் தெரியாது.

வீட்டுப் பதிவில் கணக்கு வேறு. இந்த மிக்சர் யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புவது இரண்டே தடங்கள். வயலின் தூக்கலாகப் பதிந்துவிட்டால் பிறகு தனியே குறைப்பது கடினம். தனித்தனித் தடம் வேண்டுவோர் மல்டிடிராக் மிக்சர் என்றே கேட்டு வாங்கட்டும்.