வனையப்படாத குற்றம்

இராயப்பன்பட்டியில் எங்கள் சிறிய வாசகர் கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்தபின் கூடுவது வழக்கம். இம்முறை அருட்தந்தை ஸ்டேன் சுவாமியின் எழுத்துகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்மீது விழுந்தது. அவை ஆங்கிலத்தில் உள்ளமையால் சுருக்கத்தைத் தமிழில் கூறி, பின் என் திறனாய்வுக் கருத்துகளைச் சொல்வதாகத் திட்டம். நான் பேசத் தொடங்கிப் பத்து நிமிடங்கூட ஆகியிராது. பின் வரிசையில் அமர்ந்திருந்த திராட்சை விவசாயி ஒருவர் கையுயர்த்தினார். வாய்க்கால் தகராறு ஒன்றில் ஏழெட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய பழக்கம் உடையவர் அவர். "வாத்தியாரய்யா, அதெல்லாம் இருக்கட்டும். சாமியார் மேல என்ன குற்றம் வனைஞ்சாங்க?" என்று கேட்டார்.

நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை விடவும் அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, 'நீ இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன செயலைச் செய்தாய் என்பது உன்மீதுள்ள குற்றச்சாட்டு, ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா?' என்று நீதிபதி எதிரியை நோக்கிக் கேட்கும் கட்டமே குற்றச்சாட்டு வனைதல். குயவனின் தொழிலிலிருந்து நம் நீதிமன்றத் தமிழ் கடன் வாங்கிய சொல் இது. களிமண் குவிந்து கிடக்கலாம். திகிரி சுழன்று உருவம் எழும்பும்வரை அது பானை ஆகாது. உருவம் இருந்தால்தானே தட்டிப் பார்க்கலாம், ஓட்டை எங்கே என்று காட்டலாம்?

கேள்விக்கு என் விடை சுருக்கமானது: வனையவே இல்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937 ஏப்ரல் 26 அன்று பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பல்லாண்டுகள் வாழ்ந்த அவரை, 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. வயது 83. பீமா கோரேகாவ் வழக்கில் 'ஊபா' என்று நாமறிந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை. மறுநாளே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. நடுக்குவாத நோயால் கை நடுங்கும் அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளையும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2021 மார்ச் 22 அன்று பிணை மறுக்கப்பட்டது. ஜூலை 5 அன்று, அவருடைய பிணை மேல்முறையீட்டை மும்பை உயர்நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வேளையில், அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தி நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது. அந்நாள்வரை அவர்மீது குற்றச்சாட்டு வனையப்படவில்லை, விசாரணை தொடங்கவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். பெங்களூரு இந்தியச் சமூக நிறுவனம் 2021இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, 'நான் மௌனப் பார்வையாளன் அல்லன்' என்று பொருள்படும். தன்வரலாற்றின் துண்டுகளும் நினைவுகளும் சிந்தனைகளுமாக அமைந்தது அது. நம் மக்களிடையே அதிகம் பேசப்படுவது இந்நூலே. ஆயினும் இலக்கியக் கண்கொண்டு நோக்குங்கால், நான் முதன்மையாகக் கருதுவது 2016இல் வந்த ஆய்வறிக்கையையே. இயற்கை வளங்களின்மீதுள்ள உரிமை பறிபோன வறிய ஆதிவாசிகளுக்குச் சிறையே கிடைக்கிறது என்பது அதன் நீண்ட தலைப்பின் பொருள். மாவோயிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 102 விசாரணைக் கைதிகளை அவரும் 'பகைச்சா' மையத்துத் தோழர்களும் தேடிக் கண்டு எடுத்த தகவல்களின் தொகுப்பு அது. தங்களுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் தொடர்பில்லை என்றே மிகப் பெரும்பாலோர் கூறினர். இவர்களைப் போன்றோர் விரைந்து விசாரிக்கப்பட வேண்டும் என்று அவர் ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். சில ஆண்டுகளில் தாமே விசாரணைக் கைதியானார்.

அறிக்கையின் குறையையும் சொல்ல வேண்டும். அதில் விழுக்காடுகள் உண்டு, அட்டவணைகள் உண்டு. ஒரு மனிதனின் ஓர் இரவு இல்லை. பிடித்துக்கொண்டு போன அன்று அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது, எந்தப் பிள்ளை அழுதது என்பனவற்றை அறியாமல் நூற்றிரண்டு பேரும் நமக்கு எண்ணிக்கையாகவே நின்றுவிடுகின்றனர். நாவலாசிரியன் செய்யும் வேலையை அருட்தந்தை செய்யவில்லை. முதலில் படித்தபோது இதை வறட்சி என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். மறுமுறை படித்தபோது அக்குறிப்பை அடித்துவிட்டேன். பெயரும் ஊரும் முகமும் வெளிப்பட்டால் மீண்டும் எவர் கண்ணில் படுவோமோ என்று அஞ்சும் மக்களைப் பற்றி எழுதுபவனுக்கு, அலங்காரம் செய்யும் உரிமை இல்லை. அந்த வறட்சி ஒரு பாதுகாப்பு. எனினும் வாசகனாக எனக்குள்ள பசி தீரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்நூல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மூன்றாவது நூல், அச்சட்டமே. சட்டத்தை இலக்கியம்போல் படிக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். படிக்கத்தான் வேண்டும். சாதாரணக் குற்றங்களுக்கு 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிடில் கைதிக்குப் பிணை பெறும் உரிமை பிறக்கிறது. ஊபாவில் அதை 180 நாட்கள்வரை நீட்டலாம். ஆறு மாதம், குற்றப்பத்திரிகை வராமலே. இதைவிடக் கனமானது 2008இல் சேர்க்கப்பட்ட 43 டி(5) என்னும் பிரிவு. வழக்கு நாட்குறிப்பையும் இறுதி அறிக்கையையும் படித்துப் பார்க்கையில், குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை என நம்புவதற்கு நியாயம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால், பிணை கிடையாது என்பது அதன் சாரம். வட்டாலி வழக்கில் 2019 ஏப்ரல் 2 அன்று உச்சநீதிமன்றம், பிணைக் கட்டத்தில் சாட்சியத்தை நுணுகி எடைபோடலாகாது என்றது.

கதை படித்துப் பழகிய நமக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கதைசொல்லி ஒருவனே, அவன் வழக்கில் ஒரு கட்சிக்காரன். படிக்கும் நீதிபதிக்கோ, சொல்பவனை ஐயுறும் உரிமை சுருக்கப்பட்டுவிட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவனுக்குக்கூட 'இதைச் சொல்பவர் யார், அவருக்கு இதில் என்ன இலாபம்?' என்று கேட்கக் கற்பிக்கிறோம். சட்டம் அந்தக் கேள்வியைப் பிற்பாடு கேட்டுக்கொள் என்கிறது. அந்தப் பிற்பாடு எப்போது என்றுதான் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குமேல் சிறையிலிருந்த நஜீப் என்பவரின் வழக்கில், 2021 பிப்ரவரி 1 அன்று, விசாரணை அளவுமீறித் தாமதமானால் பிணை வழங்கலாம் என்று உச்சநீதிமன்றமே ஒரு சாளரம் திறந்தது. அருட்தந்தைக்கு அது உதவவில்லை. அவருடைய கணினியில் வெளியார் ஊடுருவி ஆவணங்களைச் செருகியிருந்தனர் என்று 2022 டிசம்பரில் ஆர்செனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்தது. அது மெய்யா பொய்யா என்பதைக் குறுக்கு விசாரணையில் உரசிப் பார்த்திருக்க வேண்டும். உரசுவதற்கு உரியவர் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கல்லறைக்குப் போய்விட்டார்.

இவையெல்லாம் வடநாட்டுச் சங்கதி என்று கம்பம் பள்ளத்தாக்கில் இருப்போர் ஒதுக்கிவிட முடியாது. நம் சாலையோரங்களில் 'அரசு கள்ளர் பள்ளி' என்னும் பெயர்ப்பலகைகளை நாள்தோறும் கடந்து போகிறோம். கள்ளர் சீரமைப்பு என்னும் துறை ஏன் வந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை, மக்கள் வாயில் ரேகைச் சட்டத்தை, மதுரைப் பகுதிப் பிறமலைக் கள்ளர்மீது பிரிட்டிஷ் அரசு ஏவியது. ஓர் அறிவிக்கை வெளியாகும். அதில் அடங்கியவன் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தாலே போதும். கைரேகை பதிய வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். அந்த அறிவிக்கை செல்லாது என எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது என்றும் சட்டமே அடைத்து வைத்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் இச்சட்டம் நீங்கியது.

அம்மக்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்றே அழைத்தனர். செங்கன்னூரிலிருந்து வந்த கிறிஸ்தவர். தேசிய இயக்கத்தில் தாமும் சிறை கண்டவர். தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்ட அம்மக்களின் நன்றி, எந்த வரலாற்று நூலையும்விட நமக்கு அவரை நன்றாக அறிமுகம் செய்கிறது. நம் கூட்டத்திலேயே, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கணவாய் கடந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. தம் பாட்டனார் கடைசிக் காலம்வரை திண்ணையில் படுத்தாலும் இருட்டியதும் எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்றும், 'பேர் கூப்பிடுவாங்க' என்பார் என்றும் அவர் சொன்னார். நான் அறிக்கையில் தேடிக் காணாத அந்த ஓர் இரவு இதுதான்.

ரேகைச் சட்டத்தையும் ஊபாவையும் ஒன்றென்று சொல்வது மிகை. முன்னது பிறப்பைக் குற்றமாக்கியது. பின்னது அப்படிச் செய்யவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விசாரணையும் தீர்ப்பும் இன்றியே தனிமனிதர் ஒருவரைப் பயங்கரவாதி என அரசு அறிவிக்கலாம். அறிவிக்கை என்னும் அந்தப் பழைய சொல்லை மீண்டும் கண்டதும் எனக்குப் பெருங்காமநல்லூர் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தில் எதிர்வாதமும் எழுந்தது, அதை மதிக்கிறேன். கோவையில் தொழில் செய்து திரும்பிய இளைஞர் ஒருவர், "1998 பிப்ரவரி 14 அன்று அங்கே ஐம்பத்தெட்டு பேர் செத்தாங்க சார். குண்டு வைக்கிறவனுக்கும் ஆறு மாசம், பிணை, உரிமைன்னு பேசிக்கிட்டிருந்தா எப்படி?" என்றார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. இறந்தோரின் இல்லத்தாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அவ்வழக்கின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தடா 1995இலேயே காலாவதியாகிவிட்டது. பொடா 2002இல்தான் வந்தது. இரண்டும் இல்லாத இடைவெளியில், குற்றச்சாட்டு வனைந்து, சாட்சிகளை விசாரித்து, 2007இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அதே தீர்ப்பில் விடுதலையானவர் கேரளத்தின் அப்துல் நாசர் மதானி. 1998 மார்ச்சிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குமேல் அவர் சிறையில் இருந்தார். சிறப்புச் சட்டம் இல்லாமலே குற்றவாளிகளைத் தண்டிக்க முடிந்தது. சிறப்புச் சட்டம் இல்லாமலே ஒருவரின் ஒன்பது ஆண்டுகளையும் பறிக்க முடிந்தது. என் வாதத்துக்கு முதற்பாதி துணை, பிற்பாதி இடர். இரண்டையும் இளைஞரிடம் சொன்னேன். அவர் முழுதும் ஏற்றதாகத் தெரியவில்லை.

பொடா பற்றி ஒரு சொல். திருமங்கலத்தில் 2002 ஜூன் 29 அன்று பேசிய பேச்சுக்காக வைகோ அச்சட்டத்தில் கைதாகிப் பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அச்சட்டத்தை நிறைவேற்றிய கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. குற்றம் சாட்டாமலே அடைக்கும் தடுப்புக்காவல் வேறு வகை. அதற்கு அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே இடங்கொடுக்கிறது, தமிழகத்தில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் இருக்கிறது. 2024 மே மாதம் தேனியில் கைதான யூடியூபர் சவுக்கு சங்கர்மீதான தடுப்புக்காவலை உயர்நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று நீக்கிய மூன்றாம் நாள், தேனி மாவட்ட ஆட்சியர் மீண்டும் ஓர் ஆணை பிறப்பித்தார். அதுவும் அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அவர் பேசும் முறை எனக்குச் சற்றும் உவப்பானதன்று. பிடிக்காதவர் விஷயத்தில்தான் நம் கொள்கையை நாம் சோதித்துக்கொள்ள முடிகிறது.

இறுதியாகத் திருத்தூதர் பணிகள் நூலின் 24, 25ஆம் அதிகாரங்களை வாசித்தோம். ஆளுநர் பெலிக்ஸ் பவுலைச் செசரியாவில் ஈராண்டுகள் காவலில் வைக்கிறான். இலஞ்சம் கிடைக்கும் என்ற நப்பாசை ஒரு காரணம். யூதர்களின் நல்லெண்ணத்தைப் பெறும் விருப்பம் இன்னொன்று. அடுத்து வரும் பெஸ்துவின் நிலை வேறு. பவுல் சீசரிடம் மேல்முறையீடு செய்துவிட்டார். உரோமைக்கு அனுப்பியாக வேண்டும். உடன் ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுதவோ திட்டவட்டமாக ஒன்றுமில்லை. குற்றச்சாட்டைக் குறிப்பிடாமல் கைதியை அனுப்புவது பொருத்தமற்றது என்று அரசன் அகிரிப்பாவிடம் அவன் கையைப் பிசைகிறான். புதிய ஏற்பாட்டில் வெற்றுத்தாளின் முன் தவிக்கும் எழுத்தாளன் இவன் ஒருவனே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. புறவினத்தானான அந்த அதிகாரிக்கு இருந்த கூச்சம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

திராட்சை விவசாயி இதை முழுதும் கேட்டிருந்துவிட்டு, "சரி வாத்தியாரய்யா, கடைசில அந்தக் கடுதாசில என்னதான் எழுதினான்?" என்றார். விவிலியத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தோம். பவுல் கப்பலேறுகிறார், புயல் அடிக்கிறது, மால்தாவில் கரையேறுகிறார், உரோமை சேர்கிறார். கடிதத்தில் என்ன இருந்தது என்று லூக்கா எழுதவில்லை.