தேய்ந்ததும் பதியாததும்

வெள்ளி நாணயம் சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் பளபளப்பைக் கண்டு மயங்கிவிடுகிறார்கள். பளபளப்பு ஒரு குணம்தான், அதுவே தரமாகிவிடாது. நாணயத்தில் ஒரு குறை தென்பட்டால் அது யாருடைய குறை என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. செதுக்கியவனுடையதா, அடித்தவனுடையதா, புழங்கிய கைகளுடையதா?

1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921-லும் அமெரிக்காவில் அடித்த மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சுதந்திர தேவியின் தலை. மறு பக்கம் கழுகு. தேவியின் காதுக்கு மேலே உள்ள கூந்தலும் கழுகின் மார்பும் நடுவில் முதுகோடு முதுகாக அமைந்திருக்கின்றன. அழுத்தம் போதாவிட்டால் வெள்ளி அச்சின் இரண்டு பள்ளங்களையும் நிரப்பாது. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த பலவற்றில் கழுகின் மார்பு மொட்டையாக இருப்பது இதனால்தான். 1880, 1881-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவற்றிலோ பெரும்பாலும் இறகுகளை எண்ணிவிடலாம் போலிருக்கும்.

மொட்டை மார்பைக் கண்டதும் தேய்ந்த காசு என்று தள்ளுகிறவர் அவசரக்காரர். வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த இடத்தில் மினுக்கம் அறுந்து மங்கியிருக்கும். பதியாத இடத்தில் மினுக்கம் தொடர்ந்து ஓடும். அடிக்கும் முன் வில்லையில் இருந்த சிறு கீறல்கள்கூட அங்கே தங்கியிருக்கும். தேய்ந்த காசையே 'அடி சரியில்லை, கைபடாத காசு' என்று விற்கிறவர்களும் உண்டு. வாங்குகிறவனுக்கு இந்தச் சோதனைதான் துணை.

செதுக்கலின் குறைக்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1911-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் அங்கியில் உள்ள சின்னஞ்சிறு யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று ஆட்சேபம் எழுந்தது. 1912-ல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். முந்தைய ரூபாயில் அடி எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு தெளிவாகப் பன்றி தெரியும்!

நல்ல அடி மோசமான செதுக்கலைக் காப்பாற்றாது. மோசமான அடி நல்ல செதுக்கலைப் பொய்யாக்காது. நியூ ஆர்லியன்ஸ் கழுகு மொட்டையானாலும் ஜார்ஜ் மார்கன் நல்ல கலைஞர்தான். தரம் பிரிக்கிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 70-க்குள் ஓர் எண்ணில் அடைத்துவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு அந்த எண் போதும். பார்க்கத் தெரிந்தவனுக்குப் போதாது.