வளனின் மூன்று புறப்பாடுகள்: தேம்பாவணியில் துறவு பற்றிய ஒரு நோக்கு

வீரமாமுனிவரின் தேம்பாவணி பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இரண்டு வினாக்களையே சுற்றி வருகின்றன. கம்பனிடமிருந்தும் சிந்தாமணியிலிருந்தும் கவிஞர் பெற்றவை எவை என்பது ஒன்று. இத்தாலியில் 1680 இற் பிறந்த ஒருவர் விருத்தப்பாவில் இத்துணை வல்லமை பெற்றது எங்ஙனம் என்பது மற்றொன்று. இவ்வியப்பு நியாயமானதே. ஆயினும் 1726 இல் நிறைவுற்று, 36 படலங்களும் 3615 பாடல்களுமாக விரியும் இக்காப்பியம் எதனைச் சொல்ல முற்பட்டது என்ற வினா அவ்வியப்பினடியிற் புதைந்துபோகிறது. தன்னை மறுத்தல், உலக ஆதாயத்தினும் விசுவாசத்தை முன்வைத்தல் என்னும் கிறிஸ்தவ இலட்சியத்தை ஒரு தச்சனின் வாழ்வில் வைத்துக் காட்டுவதே நூலின் நோக்கமாகும். அந்நோக்கம் எங்கே நிறைவேறுகிறது, எங்கே தவறுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

முதலில் தலைவனின் பெயரை நோக்குக. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கம் என்னும் பொருளுடையது. அதனைத் தழுவியே முனிவர் தம் தலைவனுக்கு வளன் எனப் பெயரிட்டார். எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவனுக்கு வளமென்று பெயர்! இம்முரண் கவிஞர் அறியாது விளைந்ததன்று என்றே எண்ணத் தோன்றுகிறது.

தமிழ்க் காப்பிய மரபில் துறவு பெரும்பாலும் இறுதியில் வருவது. சீவகன் போர் வென்று, மணம் பல புரிந்து, அரசாண்டு, இன்பம் துய்த்து முடித்த பின்னரே முத்தி இலம்பகத்தில் அனைத்தையும் விடுகிறான். மணிமேகலையிலோ துறவு நோக்கிய பயணமே கதையாகின்றது. தேம்பாவணி இவ்விரு வழியிலும் செல்லவில்லை. நான்காவதாகிய பால மாட்சிப் படலத்திலேயே இளம் வளன் துறவை நாடிக் காட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறான். வானவன் ஒருவன் முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு அவனைத் தடுத்துத் திருப்பியனுப்புகிறான். உலகத்தின் நடுவே நின்று பொருதல், அதனை விட்டு ஒதுங்குதலினும் அரிது என்பது அவன் கூற்றின் சாரம். அறவுரை சற்றே நீளுகிறது. ஆயினும் கதையில் அத்திருப்பம் துணிவானது. துறவே உருவான ஒரு தலைவனைப் படைத்து, அவன் விரும்பிய துறவை அவனுக்கு மறுத்த கவிஞர் தாமே ஒரு துறவி என்பதை மறத்தலாகாது.

வள்ளுவர் இல்லறத்தையும் துறவறத்தையும் தனித்தனி இயல்களாக வகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்த முனிவர் அவ்வகுப்பை நன்கறிந்தவர். அவருடைய ஆறாவது படலத்தின் பெயர் 'ஈரறம் பொருத்து படலம்' என்பதாகும். கன்னிமை காக்க விரதம் பூண்ட இருவர் ஒரே மனையில் வாழ்ந்து, தச்சுத் தொழிலால் உண்டு, இரண்டறத்தையும் ஒன்றாக்குகின்றனர். தமிழ் அறநூல் மரபு பிரித்து வைத்ததைப் பொருத்திப் பார்க்கும் முயற்சி அப்பெயரிலேயே புலனாகிறது.

எனினும் காப்பியத்தின் உயிர்நிலை ஐயந்தோற்று படலத்திலேயே உள்ளது என்பது எமது துணிபு. மரியாள் கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். அவளுடைய தூய்மையை அறிந்தவன். கண் கண்டதையும் மறுக்க இயலாதவன். அவளைப் பழிதூற்ற மனமின்றிப் பிரிந்து போகத் துணிகிறான். இஃது இரண்டாவது புறப்பாடு. இதுவும் வானவன் வாக்கினால் தடுக்கப்படுகிறது. காட்டுக்குப் போக விரும்பிய சிறுவன் விடவிருந்தது வீட்டையும் பொருளையும். இங்கே அவன் விடவேண்டியது தன் மானத்தை, தன் நியாயத்தை, தான் கண்டதே சரியென்னும் உறுதியை. பொருளைத் துறந்தோர் பலர் தம் நியாயத்தைத் துறப்பதில்லை. தன்மறுப்பு என்ற சொல்லிலுள்ள 'தன்' எதனைக் குறிக்கிறது என்பதை இப்படலம் காட்டுமளவுக்கு நூலின் பிற பகுதிகள் காட்டவில்லை.

மூன்றாவது புறப்பாடு எகிப்துக்கு. ஏரோதின் வாளுக்குத் தப்ப, குழந்தையோடும் தாயோடும் இரவிலே போகுமாறு கட்டளை வருகிறது. இரு முறை போக விரும்பியபோது தடுக்கப்பட்டவன், மனையும் தொழிலும் நிலைபெற்ற பின்னர்ப் போகுமாறு பணிக்கப்படுகிறான். தங்குதலும் போதலும் அவன் விருப்பத்தின்பாற் பட்டன அல்ல. மத்தேயு சில வசனங்களிற் சொன்ன செய்திகளோடு காட்டு நிகழ்ச்சியையும் சேர்த்து நோக்கும்போது இவ்வமைப்புத் தெளிவாகிறது.

இதற்கு நேர்மாறானது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894). யோன் பனியன் 1678 இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவிய அக்காப்பியத்தில், விசுவாசம் என்பதே புறப்பாடுதான். பனியனின் பயணி மனைவி மக்கள் கூவியழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். கிருஷ்ணபிள்ளை 1858 இல் ஞானஸ்நானம் பெற்று வைணவக் குடும்ப மரபை விட்டு வந்தவர். அப்பிரிவின் வேதனை அவருக்குக் கேள்விச் செய்தியன்று. ஆதலின் அவருடைய நூலில் இழப்புக்கு விலை உண்டு. மாயாபுரிச் சந்தையில் எதனையும் வாங்க மறுத்த நிதானி உயிரையே கொடுக்கிறான். தேம்பாவணியில் இவ்விலை மங்கித் தோன்றுகிறது. யூதேயா மருத நிலமாய்ப் பொலிகிறது. ஏழைத் தச்சனின் மனையைச் சுற்றிலும் உவமைகள் மணியும் பொன்னுமாய்க் குவிகின்றன. வறுமையைப் பாட வந்த நாவுக்கு வறுமையின் சொற்கள் கிட்டவில்லை. இது காப்பிய மரபின் குற்றமெனச் சிலர் கூறுவர். மரபைப் பிற இடங்களில் மீறத் துணிந்தவர் இங்கு மீறாமை குறையே.

இவ்விரு நூல்களையும் திருகோணமலையிலிருந்து படிப்போர்க்கு வேறொரு நெருக்கமும் உண்டு. துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பொருத ஊர் அது. மாயாபுரி அவ்வூரார்க்கு அந்நியமன்று. அச்சந்தையில் விசுவாசமும் ஒரு சரக்காயிற்று என்பதையும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானப் பதிவு வழியாயிருந்தது. ஆங்கிலேயர் 1795 இற் கோட்டையைக் கைப்பற்றி, பின்னர் அக்கட்டாயம் தளர்ந்தபோது, இலங்கைக் கரையோரங்களில் அச்சபையார் தொகை விரைந்து குறைந்தது. ஆதாயத்துக்காக வந்தது ஆதாயத்தோடு போயிற்று.

வளனின் கதைக்கு அண்மித்த வாழ்வொன்றும் அப்பகுதியிலேயே உண்டு. 1893 இல் அமைக்கப்பட்ட திருகோணமலை மேற்றிராசனம் ஈராண்டுகளின் பின் வீரமாமுனிவர் சார்ந்த இயேசு சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. நகரிலுள்ள கல்லூரியும் சூசையப்பர் பெயரையே தாங்கியது. அமெரிக்காவின் லூசியானாவிற் பிறந்து 1948 இல் இலங்கைக்கு வந்த யூஜின் ஜோன் ஹெபியர் அடிகளார் அக்கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பலர் நினைவில் நிற்பவர். பிற்காலத்தில் மட்டக்களப்பில் இளைஞருக்குக் கைத்தொழில் பயிற்றும் நிறுவனத்தை நடத்தினார். 1990 இற் போர் மூண்டபோது அவர் போயிருக்கலாம், போகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 ஆந் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற இளைஞரோடு காணாமற் போனார்.

அக்காலத்தில் உயிருக்கஞ்சிப் படகேறியோரை இதனைக் காட்டிக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வளனும் எகிப்துக்குப் போனவனே. தங்கியவன் உயர்ந்தவன், போனவன் தாழ்ந்தவன் என்று தேம்பாவணி எங்கும் கூறவில்லை. எவர் பொருட்டுத் தங்கினான், எவர் பொருட்டுப் போனான் என்பதே அதன் அளவுகோல்.

இவ்வளவுகோலைத் தந்த கவிஞரே அதனை இறுதியில் நழுவவிடுகிறார் என்பதுதான் எமது குறை. முப்பத்தாறாவது படலம் முடிசூட்டுப் படலம். இழந்தவை யாவும் ஒளிமிக்க முடியாகத் திரும்பி வருகின்றன. பக்தனுக்கு அது நிறைவு தரலாம். ஆனால் வாழைச்சேனை வீதியில் முடிந்த வாழ்வுக்கு உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அவ்வாறானதொரு முடிவைத் தாங்கும் வலிமை ஐயந்தோற்று படலத்தின் வளனுக்கு இருக்கிறது. முடிசூடிய வளனுக்கு இல்லை. தேம்பாவணியை முதன்முறையாகக் கையிலெடுக்கும் மாணவர், நாட்டுப் படலத்தின் வருணனைகளில் களைப்படையுமுன், ஏழாவது படலத்தைத் திறந்து அங்கிருந்தே தொடங்கலாம்.